மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோகும்... கதிர்வீச்சை அப்போது நிறுத்தலாமா?

"வாயெல்லாம் வெந்து போச்சு டாக்டர். தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. ஒரு வாரம் விட்டுட்டு, புண்ணு ஆறினதும் வந்து மிச்சத்தை வெச்சுக்கலாமா?"

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்காக 'கரண்ட் வைக்க' வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் இதைக் கேட்கிறார்கள். சிலர் கேட்பதுகூட இல்லை. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமை திரும்பி வருவதில்லை.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. புண்ணைச் சீண்டாமல் விட்டால் ஆறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாய்ப்புண்ணுக்கும் அது பொருந்தும். சிக்கல் எங்கே என்றால், அந்த ஒரு வார ஓய்வில் வாய் மட்டும் தேறுவதில்லை. உள்ளே மிச்சமிருக்கும் புற்றுநோய்க் கட்டியும் சேர்ந்து தேறிக்கொள்கிறது.

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் உதடு, வாய்ப் பகுதியில் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்பட்டது. புகையிலை, குட்கா, பாக்கு ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். இவர்களில் பெரும்பகுதியினர் ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு மேஜையில் படுக்க வேண்டியிருக்கும். அதனால் 'நிறுத்தலாமா, கூடாதா' என்பது பல லட்சம் குடும்பங்களின் கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால், அடிமேல் அடி வாங்கும் வாய்த்திசு தன்னை எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் முடித்தால் என்ன?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான கணக்கு இது: ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். மொத்தம் 35 'சிட்டிங்', 70 கிரே. கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுப்பதாக இருந்தால் 60 முதல் 66 கிரே வரை.

இந்த 70 கிரேயையும் ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு சேர்ந்து சுற்றியுள்ள தசை, தோல், எலும்பு எல்லாமே அழிந்துவிடும். 1920-களில் பாரிஸில் கிளாட் ரெகோ என்ற ஆய்வாளர் ஆட்டுக்கிடாய்களின் விதைப்பையில் இதைச் சோதித்தார். ஒரே பெரிய டோஸில் கிடாயை மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் வெந்து புண்ணானது. அதையே பிரித்துப் பிரித்துக் கொடுத்தபோது காரியமும் நடந்தது, தோலும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதே பாரிஸில் ஹென்றி கூடார்ட் இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோய் நோயாளிகளுக்குப் பல வாரங்களாகப் பிரித்துக் கொடுத்து வெற்றி கண்டார். இன்றைய 35 சிட்டிங்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிரித்துக் கொடுத்தால் ஏன் தாங்குகிறது? கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. நல்ல செல்லுக்கு அந்த உடைப்பை ஒட்டவைக்கும் திறன் உண்டு. சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். ஒரே நாளில் இரண்டு சிட்டிங் கொடுக்க நேர்ந்தால் நடுவில் குறைந்தது 6 மணி நேரம் விடுவதும் இதனால்தான். இன்று வாங்கிய அடியை நாளை காலைக்குள் ஓரளவு சரிசெய்துகொண்டு அடுத்த அடிக்கு வாய்த்திசு தயாராகிறது.

ஆனால் எல்லா செல்லும் பிழைப்பதில்லை. அங்கேதான் இரண்டாவது வழி தொடங்குகிறது.

உதிர்வது நிற்காது, வரத்து குறையும்

வாயின் உள்பக்கம் மெல்லிய தோல் போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன் அடி அடுக்கில் உள்ள செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பிறக்கும் புதிய செல்கள் மெல்ல மேலே ஏறி, முதிர்ந்து, கடைசியில் உதிர்ந்து எச்சிலோடு போய்விடும். சுமார் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் படலம் மொத்தமும் புதிதாகிவிடுகிறது. காபி சுட்ட நாக்கு சில நாளிலேயே பழையபடி ஆவதற்கு இதுதான் காரணம்.

கதிர்வீச்சு முக்கியமாகப் பாதிப்பது அடி அடுக்கில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை. மேலே ஏற்கெனவே முதிர்ந்து நிற்கும் செல்களுக்கு உடனடியாக ஒன்றும் ஆவதில்லை. அவை வழக்கம்போல உதிர்ந்துகொண்டிருக்கும். உதிர்வது நிற்காது, கீழிருந்து வரத்து மட்டும் குறையும். கடையில் சரக்கு வருவது நின்றாலும் அலமாரி அன்றைக்கே காலியாகாது, இரண்டு வாரத்தில் காலியாகும் இல்லையா? அப்படித்தான்.

முதல் வாரம் "ஒண்ணுமே தெரியலையே, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் நோயாளி மூன்றாவது வாரத்தில் துவண்டுபோவது இதனால்தான். டாக்டர் திடீரென டோஸை ஏற்றிவிட்டார் என்று குடும்பத்தினர் சந்தேகப்படுவதும் உண்டு. டோஸ் மாறவில்லை. இருப்பு தீர்ந்திருக்கிறது.

அடி விழ விழ வேகம் கூடும்

இனிமேல் நடப்பதுதான் ஆச்சரியம். இதே வேகத்தில் செல்கள் குறைந்துகொண்டே போனால் ஏழு வார முடிவில் வாயில் படலமே மிஞ்சக்கூடாது. ஆனால் மிஞ்சுகிறது.

எலிகளின் நாக்கிலும், சிகிச்சை பெறும் நோயாளிகளின் வாயிலும் ஜெர்மனியின் வோல்ஃப்காங் டோர் உள்ளிட்ட கதிர்வீச்சு உயிரியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். முதல் வாரத்தில் செல்களின் எண்ணிக்கை மளமளவெனக் குறைகிறது. அதன் பிறகு, அதே டோஸ் தொடர்ந்தாலும், குறையும் வேகம் மட்டுப்படுகிறது. காரணம், அடி அடுக்கு தன் வேலை முறையையே மாற்றிக்கொள்கிறது.

சாதாரண நாளில் ஒரு மூலச்செல் இரண்டாகப் பிரிந்தால், ஒன்று மூலச்செல்லாகவே தங்கும். மற்றொன்று மேலே ஏறி முதிரும். நெருக்கடியில் இரண்டுமே மூலச்செல்லாகத் தங்கத் தொடங்குகின்றன. விளைச்சல் முழுவதையும் விற்காமல் விதைநெல்லாக எடுத்துவைப்பது மாதிரி. இரண்டாவதாக, பிரியும் வேகம் கூடுகிறது. மூன்றாவதாக, கதிர்வீச்சில் சாகப்போகும் செல்கள்கூட ஓரிரு முறை பிரிந்து, தற்காலிகமாகக் காயத்தை மூட உதவிவிட்டுப் போகின்றன.

மூன்றும் சேரும்போது, வாய்த்திசுவின் தயாரிப்பு வேகம் சேதத்தின் வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கிறது. சிலருக்கு சிகிச்சை இன்னும் முடியாத கடைசி வாரங்களிலேயே புண் லேசாக ஆறத் தொடங்குவதும் உண்டு. கதிர் விழுந்துகொண்டிருக்கும்போதே ஆறுகிறது!

வாரக் கணக்கு

ஒவ்வொருவருக்கும் சற்று முன்பின் இருக்கும். பொதுவாக இப்படிப் போகும்:

• முதல் வாரம்: பெரிதாக ஒன்றும் தெரியாது. வாய் லேசாக உலரும். சுவை மாறத் தொடங்கும்.

• இரண்டாவது வாரம்: வாயின் உள்பக்கம் சிவக்கும். காரம், புளிப்பு எரியும்.

• மூன்றாவது வாரம்: ஆங்காங்கே வெள்ளைப் படலத்தோடு புண் தெரியும். விழுங்கினால் வலிக்கும்.

• நான்கிலிருந்து ஏழாவது வாரம்: புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பரவலாம். இதுதான் மோசமான கட்டம். கூடவே கீமோவும் கொடுத்தால் இன்னும் கடுமையாக இருக்கும்.

• முடிந்த பிறகு: பலருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறும். சிலருக்கு இரண்டு மாதம்வரை இழுக்கும்.

முதல் நாளே இந்த அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மூன்றாவது வாரத்தில் வரும் புண், சிகிச்சை தவறாகப் போகிறது என்பதற்கான அறிகுறி அல்ல. எதிர்பார்த்த நேரத்தில் வந்திருக்கும் எதிர்பார்த்த விருந்தாளி.

கட்டிக்கும் அதே வித்தை தெரியும்

வாய்ப் புற்றுநோய் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அதே வாய்ப் படலத்தின் செல்களிலிருந்துதான். தாய்த்திசுவுக்குத் தெரிந்த வித்தை அதற்கும் தெரியும். அடி விழுந்தால் வேகமாகப் பெருகும்.

1988-ல் ரோட்னி விதர்ஸும் சக ஆய்வாளர்களும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான சிகிச்சைத் தரவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து, தப்பிப் பிழைத்த புற்றுநோய் செல்கள் பெருகும் வேகம் கூடுவதாகத் தெரிந்தது. அதன் பிறகு சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே கூடுதலாகக் கொடுத்தால்தான் அதே பலன் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். அன்றாட டோஸே 2 கிரேதான். ஒரு வாரம் விடுமுறை எடுத்தால் சுமார் 4 கிரே, அதாவது இரண்டு நாள் சிகிச்சை வீணாகிவிடுகிறது.

இன்னொரு வகையிலும் இதைச் சொல்வார்கள். சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால், கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு சுமார் 1 முதல் 1.4 சதவீதம் குறையும். ஒரு நாள் என்றால் சின்ன எண் போலத் தெரியும். பத்து நாளுக்குப் பெருக்கிப் பார்த்தால்தான் உறைக்கும்.

வாய் தாங்க முடியாமல் ஓய்வு கேட்கும் வாரமும், கட்டி வேகமெடுக்கும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்பதுதான் கொடுமை. இதனால்தான் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ், இந்த வகைப் புற்றுநோயை இடைவெளியே விடக்கூடாத முதல் பிரிவில் வைத்திருக்கிறது. திட்டமிட்ட நாளைவிட இரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது என்பது அதன் வழிகாட்டுதல்.

டென்மார்க்கில் நடந்த சோதனை

சரி, இடைவெளி கெடுதல் என்றால், இன்னும் வேகமாக முடித்தால் நல்லதா? 1990-களில் டென்மார்க்கில் சுமார் 1,500 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஐந்து சிட்டிங், இன்னொரு பிரிவுக்கு ஆறு. மொத்த டோஸ் ஒன்றுதான். சிகிச்சைக் காலம் மட்டும் ஒரு வாரம் குறைந்தது.

2003-ல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து, ஆறு சிட்டிங் பிரிவில் 70 சதவீதம் பேருக்கும், ஐந்து சிட்டிங் பிரிவில் 60 சதவீதம் பேருக்கும் நோய் அந்த இடத்தில் கட்டுக்குள் இருந்தது. வேகமாக முடித்தவர்களுக்கு வாய்ப்புண் கடுமையாக வந்தது உண்மை. ஆனால் அது ஆறிவிட்டது. பிறகு சர்வதேச அணுசக்தி முகமை வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் இதே முறையைச் சோதித்தபோதும் 42 சதவீதத்துக்கு 30 சதவீதம் என்று வித்தியாசம் தெரிந்தது.

இந்த எண்களின் பொருள் எல்லோரும் வாரம் ஆறு நாள் போக வேண்டும் என்பதல்ல. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் ஒன்று தெளிவு. புண்ணிலிருந்து மீள வாய்க்குத் தெரியும். விட்டுவைத்த கட்டியிலிருந்து மீள்வதுதான் கஷ்டம்.

நிறுத்தாமல் எப்படித் தாக்குப்பிடிப்பது?

"பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்கிக்கோங்க" என்பது பதில் ஆகாது. சிகிச்சையைத் தொடர வேண்டுமென்றால் வாய்க்குத் தாங்கு கொடுக்க வேண்டும்.

வாயைச் சுத்தமாக வைப்பது முதல் வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து நாள் முழுக்கப் பலமுறை கொப்பளித்துத் துப்பலாம். மிருதுவான பிரஷ் போதும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். பென்சிடமைன் கலந்த மவுத்வாஷை முதலிலிருந்தே தொடங்க டாக்டர் சொல்லலாம். குறைந்த சக்தி லேசர் ஒளியை வாயில் பாய்ச்சும் முறையையும் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அந்த வசதி இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது வலி. பாராசிட்டமாலில் அடங்காத வலிக்கு மார்ஃபின் வரை மருந்து இருக்கிறது. "மார்ஃபின்னா பழக்கமாயிடுமே" என்று குடும்பத்தினர் பயப்படுகிறார்கள். டாக்டர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் மருந்தைப் பற்றி அந்தப் பயம் தேவையில்லை. வலி அடங்கினால்தான் சாப்பாடு இறங்கும்.

சாப்பாடு ஏன் இவ்வளவு முக்கியம்? புதிய செல்களைத் தயாரிக்கும் வாய்க்குப் புரதமும் சக்தியும் வேண்டும். எடை குறைந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்து மாஸ்க் செய்திருப்பார்கள். முகம் மெலிந்தால் மாஸ்க் தொளதொளவென்று ஆகி, குறி தவற வாய்ப்பிருக்கிறது. மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம், மறுபடி தாமதம்.

மிளகாய், புளி, ஊறுகாய், எலுமிச்சை, அப்பளம் போன்ற மொறுமொறுப்புகளுக்கு விடைகொடுத்துவிடலாம். ஆறிய கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பாலில் கரைத்த இட்லி, குழைத்த பருப்புச்சாதம், முட்டை, புளிக்காத தயிர்ச்சாதம் இவையெல்லாம் கைகொடுக்கும். அதுவும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ உணவுக் குழாய் வைப்பார்கள். குழாய் என்றதும் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று அர்த்தமில்லை. இரண்டு மாதத்துக்கான ஊன்றுகோல் அது.

புகையிலையும் மதுவும் இந்தக் காலத்தில் கூடவே கூடாது. காய்ச்சல், வாயில் ரத்தக்கசிவு, தண்ணீரே இறங்காத நிலை, தயிர்போலப் படியும் வெள்ளைப் பூஞ்சை ஆகியவை வந்தால் அடுத்த சிட்டிங் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மிக மோசமான சூழலில் இடைவெளி தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். அப்போதும் விட்ட நாளைச் சனிக்கிழமை ஈடுகட்டுவது, ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளியில் இரண்டு சிட்டிங் கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. நோயாளி தானாக நின்றுவிட்டால் அந்தக் கணக்கைப் போட யாருமில்லை.

எது முழுதாகத் திரும்பாது?

மேல் படலம் திரும்ப வரும். வாயில் எல்லாமே அப்படி அல்ல. எச்சில் சுரப்பிகள் கதிர்வீச்சில் எளிதில் பாதிக்கப்படும். மெதுவாகத்தான் தேறும், பலருக்கு முழுதாகத் தேறாது. தேவையான இடத்தில் மட்டும் டோஸைக் குவிக்கும் ஐஎம்ஆர்டி முறை இங்கே பெரிய உதவி. 2011-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு கழித்து மிதமான அல்லது அதைவிடக் கடுமையான வாய் உலர்வு பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கும் ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம் பேருக்கும் இருந்தது.

சுவை பல மாதங்களில் படிப்படியாகத் திரும்பும். தாடை எலும்பின் ரத்த ஓட்டம் பழையபடி ஆகாது. சொத்தைப் பல்லை கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கச் சொல்வதும், பிறகு எப்போது பல் பிடுங்கினாலும் கதிர்வீச்சு வாங்கியதைப் பல் டாக்டரிடம் சொல்லச் சொல்வதும் இதனால்தான். வாய் திறக்கும் அளவும் குறையலாம். தாடைப் பயிற்சியை முன்கூட்டியே தொடங்க வேண்டும். புண் மிக ஆழமாக, நீண்ட நாள் இருந்தால் அடியில் உள்ள திசுவும் சேதமாகி நிரந்தரத் தழும்பு விழலாம். புண்ணைப் பராமரிப்பது அன்றைய வலிக்காக மட்டுமல்ல, நாளைய வாய்க்காகவும்தான்.

நோயாளி மட்டும் பொறுப்பா?

இடையில் நின்றுபோனவரைப் பற்றி, "பாதியிலேயே ஓடிட்டார்" என்று சொல்வது எளிது. அவர் ஏன் போனார் என்று கேட்பவர்கள் குறைவு.

ஏழு வாரம், 35 நாள். வெளியூரிலிருந்து வருபவருக்குத் தங்க இடம் வேண்டும். உடன் ஒருவர் வேண்டும். அந்த இருவரின் கூலியும் போகும். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. ரயிலில் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, இழந்த கூலி எல்லாம் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. வாய் வெந்து, கையில் காசும் தீரும் வாரம்தான் மூன்றாவது வாரம்.

அதனால் வாய்ப்புண் பராமரிப்பு என்பது 'கூடுதல் வசதி' அல்ல, கதிர்வீச்சு சிகிச்சையின் ஒரு பகுதி. இயந்திரம் வாங்க கோடிகளை ஒதுக்கும் திட்டத்தில், அதே பிரிவில் ஒரு உணவியல் நிபுணர், ஒரு பல் டாக்டர், வலி மருந்து, வாராவாரம் எடை பார்க்கும் ஒரு நர்ஸ், நோயாளி தங்க ஒரு கட்டில் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். வராத நோயாளியை அன்றைக்கே போனில் அழைத்து "ஏன் வரலை, என்ன ஆச்சு?" என்று கேட்கும் ஒருவர் வேண்டும். இயந்திரம் பழுதானால் விட்ட நாளை ஈடுகட்டும் ஏற்பாடும் வேண்டும். ஏனென்றால் இயந்திரம் நின்ற நாளும் கட்டிக்கு லாப நாள்தான்.

அப்பாவையோ அம்மாவையோ அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விடுப்பை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். அப்போது நோயாளி நன்றாகத்தான் இருப்பார். மூன்றாவது வாரம் தொடங்கி சிகிச்சை முடிந்த இரண்டு வாரம்வரை துணை அதிகம் தேவைப்படும். விடுப்பையும், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். அலுவலகங்களும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

"ஒரு வாரம் விட்டுட்டு வரட்டுமா?" என்று கேட்கும் நோயாளிக்கு "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் வராமல் போகலாம். "புண் ஆறும், வலிக்கு இன்றைக்கே மருந்து தர்றோம், நாளைக்கு கண்டிப்பா வாங்க" என்று சொல்லவும், சொன்னதைச் செய்யவும் மருத்துவமனைக்கு வழி இருந்தால், அவர் நாளை வருவார்.